குறைந்த செலவிற் கணினி அமைத்தல்

(நம் சங்கத்துக் கல்விக் குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு இடப்பட்ட பொருள், மேசைக் கணினி ஒன்றைக் குறைந்த செலவில் உறுப்புறுப்பாகத் தேர்ந்து வாங்கி அமைத்துக்கொள்ளும் முறை என்பதாம். குலத்தின் முன்னேற்றங் கருதிக் கூடிய இவ்வவையில் கடைச் சரக்கைப் பற்றிய பேச்சு எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். அவர்கட்கு யாம் விடையாகக் கூறுவது இது. நம்மவருட் பலர் இன்னும் தறியை நம்பி வாழ்பவர். கணவனும் மனைவியுமாகக் கூடி உழைத்து, கூலியில் மிச்சம் பிடித்து, ஓராண்டு ஈராண்டாகச் சேர்த்த தொகை, பிள்ளையின் படிப்பிற்கென ஒரு கடையில் அரைமணி நேரத்திற் கைமாறிவிடுகின்றது. தேர்ந்து வாங்கினால் அத்தொகை பல்லாண்டு பயன் தரும். தேராது வாங்கினாலோ, இரண்டாம் ஆண்டிலேயே பொருள் மூலையிற் கிடக்கும். கடன் மட்டும் வளரும். கல்வி நிதிக்கென வீடுவீடாய்ச் சென்று பொருள் திரட்டும் நம் சங்கம், திரட்டிய பொருள் எவ்வாறு செலவாகின்றது என்பதையும் அறிந்திருத்தல் கடமையன்றோ?

கணினி நமக்கு அயலார் பொருள் என்று அஞ்சுவாரும் நம்முள் உளர். அவ்வச்சம் வேண்டா. பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த பெட்டியின் பெயரை அறியாத பட்டு நெசவாளர் இலர். அட்டையில் துளை இருப்பின் ஊசி செல்லும், இல்லையேல் தடைப்படும். உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டு நிலைகளைக் கொண்டே பூவும் கொடியும் அன்னமும் சேலையில் எழுகின்றன. இங்கிலாந்தில் சார்லசு பாபேஜ் என்பவர், 1830-களில் தாம் வகுத்த கணக்குப் பொறிக்குக் கட்டளையிடும் கருவியாக இத்தகைய அட்டைகளையே மேற்கொண்டார். அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் என்பவரின் துளையட்டைப் பொறிகள் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை எண்ணின. அவர் தொடங்கிய நிறுவனம் பிறவற்றோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பெற்றது. இற்றைக் கணினியின் உள்ளே நடப்பதும் உண்டு, இல்லை என்னும் அதே கணக்குத்தான். அட்டை கட்டிப் பழகிய கைக்குக் கணினி அயலன்று.

இன்னும் ஓர் ஒப்புமை உண்டு. தறிக்கு அச்சு, விழுது, நாடா, படைமரம் என உறுப்புக்கள் பல. ஒவ்வொன்றும் தனித்தனியே உயர்ந்ததாயிருப்பினும் ஒன்றோடொன்று பொருந்தாவிடின் துணி இறங்காது. கணினியும் அத்தன்மைத்தே. விலையுயர்ந்த உறுப்பு ஒன்றும் விலைமலிந்த உறுப்பு ஐந்தும் சேர்ந்தால், மலிந்தவற்றின் வேகமே முழுப் பொறியின் வேகமாகும். ஆதலின் தேர்வு என்பது உயர்ந்ததைத் தேடுவதன்று; பொருந்துவதைத் தேடுவது.

முதலில் உறுதிசெய்ய வேண்டுவது நோக்கம். நம் இல்லங்களிற் கணினி வேண்டுவோரை மூவகையாகப் பிரிக்கலாம். பாடம் கேட்டலும், கட்டுரை எழுதலும், தொடக்க நிலையில் நிரல் எழுதப் பழகலும் வேண்டும் மாணாக்கர் ஒரு வகையினர். கூட்டுறவுச் சங்கத்திலோ கடையிலோ கணக்கெழுதுவோரும், இணையவழியே சேலை விற்போரும் மற்றொரு வகையினர். சேலைக் கரையும் முந்தியும் வரைந்து, ஜக்கார்டுக்கு வேண்டிய கட்டப்படம் ஆக்குவோர் மூன்றாம் வகையினர். இம்மூவருக்கும் மிகுவிலைக் கணினி வேண்டியதில்லை. விளையாட்டுக்களும், திரைப்படத் துண்டுகளை வெட்டி ஒட்டும் பெருந்தொழிலும், முப்பரிமாண உருவங்களும் வேண்டுவோர்க்கே செலவு மிகும். பிள்ளை எதற்கென்று கேட்கின்றான் என்பதைப் பெற்றோர் முதலில் கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்க. கடைக்காரர் நூறு சொன்னாலும் அத்தாளை விட்டு விலகாதிருத்தல் நன்று.

இனி உறுப்புக்களைக் கூறுவோம். தலையாயது பிராசஸர். பெயரைக் கேட்டு மயங்குதல் இதிலேதான் மிகுதி. நமக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர், பாலிடெக்னிக்கிற் பயிலும் தம் மகளுக்கென, ஒரு கடையில் ‘ஐ7’ என்ற பெயரைக் கேட்டு மகிழ்ந்து பெருந்தொகை கொடுத்து வாங்கிவந்தார். திறந்து பார்த்தபோது உள்ளிருந்தது ஐ7-3770 என்பது. அது 2012-இல் வெளிவந்தது. 2022-இல் வந்த ஐ3-12100 என்னும் எளிய பிராசஸருக்கும் அதைப்போலவே நான்கு கோர்களும் எட்டுத் திரெட்களும் உண்டு. வேகத்திலோ இது அதனை நெடுந்தூரம் பின்னிறுத்தும். மேலும் அந்தப் பழையதில் விண்டோஸ் 11 என்னும் இயங்குதளம் முறைப்படி ஏறாது. அந்தத் தகப்பனார் தம் வாழ்நாளில் போலிச் சரிகைக்கு ஏமாந்ததில்லை. சரிகையைக் கையால் உரசித் தரங்கண்ட அவர், இங்கே ஏழு என்பது மூன்றினும் பெரிது என்ற கணக்கை நம்பிக் கெட்டார்.

ஆதலின் இன்டெல் பிராசஸரில் சிறு கோட்டிற்குப் பின்வரும் எண்ணைப் படிக்கக் கற்க. 3770 எனில் மூன்றாந் தலைமுறை. 8100 எனில் எட்டாவது. 12100 எனில் பன்னிரண்டாவது. ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரே தலைமுறைக்குள் உள்ள படிகளேயன்றித் தலைமுறைகளைக் கடந்து ஒப்பிடுதற்குரியன அல்ல. எண்ணின் ஈற்றில் வரும் எழுத்தையும் நோக்குக. இன்டெலில் ‘எப்’ என்ற எழுத்து இருப்பின் அதனுள் திரைக்குப் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியே தீரவேண்டும். விலை குறைகின்றதென்று 12100எப் வாங்கி வீடு சேர்ந்தபின், திரை இருளாயிருக்கக் கண்டு திகைப்போர் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் வரிசையில் இவ்வழக்கு வேறு. 5500, 5600 என்பவற்றில் கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி என ‘ஜி’ சேர்ந்ததில் உண்டு. 2021-இல் வந்த அந்த 5600ஜி ஆறு கோர்களும் பன்னிரண்டு திரெட்களும் உடையது. தனிக் கார்டு இன்றியே எளிய விளையாட்டுக்களையும் வரைபட வேலைகளையும் தாங்கும். மேற்கூறிய மூவகையினருள் முதலிருவருக்கு ஐ3-12100 போன்றதும், மூன்றாமவருக்கு 5600ஜி போன்றதும் அமையும். இவற்றினும் புதியவை குறைந்த விலைக்குக் கிடைப்பின் கொள்க. கூறிய எண்களை அளவுகோலாகக் கொள்வதே எம் கருத்து.

தனிக் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி ஒரு சொல். குறைந்த செலவு என்று தொடங்கிய பலருடைய பணம் கரைந்துபோகும் இடம் அதுவே. மேலே கூறிய மூன்று நோக்கங்களுக்கும் அது வேண்டா. பின்னாளில் வேண்டின் மதர்போர்டில் அதற்குரிய துளை காத்திருக்கும்; அன்று வாங்கிச் செருகலாம். இன்று அப்பணத்தை வேறு நல்லுறுப்புக்களுக்குச் செலவிடுக.

அடுத்தது மதர்போர்டு. உறுப்புக்கள் அனைத்தையும் தாங்கி ஒன்றோடொன்று பேசச் செய்வது இதுவே. இதிற் காணவேண்டுவன நான்கு. முதலாவது, சாக்கெட். இன்டெலின் பன்னிரண்டாந் தலைமுறைக்கு எல்.ஜி.ஏ. 1700 வேண்டும், ரைசன் 5000 வரிசைக்கு ஏ.எம். 4 வேண்டும், 2022-இல் வந்த ஏ.எம். 5 வேறு. ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. இரண்டாவது, நினைவக வகை. எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளில் டி.டி.ஆர். 4 ஏற்பனவும் டி.டி.ஆர். 5 ஏற்பனவும் தனித்தனியே உள, ஏ.எம். 5 டி.டி.ஆர். 5 ஒன்றையே ஏற்கும். மூன்றாவது, பயாஸ். பழைய ஏ.எம். 4 போர்டு ஒன்றில் 5000 வரிசைப் பிராசஸரைப் பொருத்துமுன் அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டறிக. நான்காவது, என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.க்குரிய எம். 2 துளை உண்டா என்பது. எச்610, ஏ520, பி550 என்னும் எளிய சிப்செட்டுகளே நமக்குப் போதும். வண்ண விளக்குகளும் பெருந்தகடுகளும் பூண்ட போர்டுக்கு மிகுதியாகக் கொடுக்கும் பணத்தால் பிள்ளையின் பாடம் ஒரு நொடியும் விரைவுறாது.

ரேம் என்னும் நினைவகத்தின் செய்தி இக்காலத்திற் சற்றுக் கவனிக்கத்தக்கது. 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இதன் விலை உலகெங்கும் பெருகி எழுந்தது. செயற்கை அறிவுக்கெனக் கட்டப்படும் மாபெரும் கணினி நிலையங்கள் நினைவகத்தைப் பெருமளவில் வாங்கத் தொடங்கவே, ஆக்குவோரும் அவர்கட்கே முதலிடம் கொடுத்தனர். சில்லறை வாங்குவோர்க்கு வந்துசேரும் அளவு குறைந்தது. பட்டு நூல் விலை ஏறினால் தறிக்காரன் படும் பாட்டை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆகவே சென்ற ஆண்டு உறவினர் வாங்கிய விலையை நினைத்து இன்றைய கணக்கைப் போடாதீர். வாங்கும் நாளில் விலைப்பட்டி பெறுக. அளவைப் பொறுத்தவரை 16 ஜி.பி. நன்று, 8 ஜி.பி.க்குக் குறைதல் ஆகாது. 16 வாங்க இயலின் ஒரே துண்டாக வாங்காமல் 8, 8 என இரு துண்டாக வாங்குக. இரு வழியாகச் செய்தி ஓடுதலின் வேகம் கூடும். கிராபிக்ஸ் பகுதி பிராசஸருக்குள்ளேயே உள்ள கணினியில் இவ்வேறுபாடு மிகுதியாகத் தெரியும். ஏனெனில் அது தனக்கெனத் தனி நினைவகம் இன்றி இதையே பகிர்ந்துகொள்கின்றது. பணம் போதாதெனில் இன்று ஒரு 8 ஜி.பி. துண்டு வாங்கி, மற்றொரு துளையை வெற்றாக விட்டு, விலை இறங்கும் காலத்தில் நிரப்பலாம்.

சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. இன்றியமையாதது. சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 200 எம்.பி. வரை படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. 500-ஐக் கடக்கும், எளிய என்.வி.எம்.இ. வகையே 2,000-க்கு மேல் செல்லும். சிதறிக் கிடக்கும் சிறுசிறு கோப்புக்களைப் படிப்பதில் ஹார்டு டிஸ்க் இன்னும் பின்தங்கும். பழைய கணினி திறப்பதற்கே சில நிமிடம் கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் அதுவே. 500 ஜி.பி. என்.வி.எம்.இ. ஒன்று போதும். மிகப் பெரிய அளவைக் காட்டி நம்பமுடியாத விலைக்கு விற்கும் பெயர் தெரியாச் சரக்கை விலக்குக. அவற்றுட் சில அளவைப் பொய்யாகக் காட்டும். எழுதிய கோப்பு பின்னர் இல்லாது போகும். அரிய வரைபடங்களையும் கணக்குக்களையும் எந்த எஸ்.எஸ்.டி.யையும் நம்பி ஒரே இடத்தில் வையாதீர். மற்றொரு படி வேறிடத்தில் இருக்கட்டும்.

இனி, யாவரும் கடைசியில் நினைப்பதும், யாம் முதலில் நினைக்க வேண்டுவதுமான உறுப்பைக் கூறுவோம். அது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி. கேபினெட்டோடு சேர்த்து மலிவாகத் தரும் பெட்டியின் மேல் 450 வாட் என்று எழுதியிருக்கும். அவ்வெழுத்தை நம்பாதீர். அதன் பக்கவாட்டிலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற இடத்திற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 12-ஐயும் அவ்வெண்ணையும் பெருக்குக. 14 ஆம்பியர் எனில் 168 வாட்டே. பிராசஸரையும் கார்டையும் தாங்குவது அவ்வளவுதான். தகுதியுள்ள 450 வாட் பெட்டியில் அவ்வெண் 35-ஐ ஒட்டியிருக்கும்; பெருக்கினால் 420 வரும். இச்சிறு பெருக்கலைச் செய்யத் தெரிந்தவரைக் கடைக்காரர் எளிதில் ஏமாற்றார். ‘80 பிளஸ்’ என்னும் முத்திரையும் காண்க. 2004-இல் தொடங்கிய அத்திட்டத்தில், எடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் பயனாக்கும் பெட்டிகட்கே அது கொடுக்கப்படும். எனினும் அது சிக்கனத்திற்கு முத்திரையேயன்றிப் பாதுகாப்பிற்கு முழு முத்திரையன்று. ஆதலின் பெயருள்ள நிறுவனத்தின் பெட்டியாகவும் பல்லாண்டு வாரண்டி உடையதாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவது ஏனெனில், மற்ற உறுப்புக் கெட்டால் அது மட்டும் கெடும்; எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் தன்னோடு தொடர்புற்ற போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் உடன்கொண்டு போகக்கூடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் வாழ்வோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். விசைத்தறிகள் ஒருங்கே ஓடும் தெருக்களில் விளக்கு மங்கி ஒளிர்வதை நாம் காண்கின்றோம். மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பி பழைய வீடுகளிற் சரியாயிருக்கின்றதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்ப்பித்தபின்னரே கணினியை இணைக்க. 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, மின்சாரம் போனவுடன் எழுதியதைச் சேமித்து முறையாக நிறுத்துதற்கு உதவும். மேற்கூறிய கணினிகள் கிராபிக்ஸ் கார்டு இல்லாத நிலையில் பெரும்பாலும் 150 வாட்டினும் குறைவாகவே கொள்வன. ஆதலின் பெரிய யு.பி.எஸ். வேண்டா.

கேபினெட், கீபோர்டு, மவுஸ் என்பவற்றில் சிக்கனம் பாராட்டலாம். கேபினெட்டின் முன்புறம் காற்றுப் புகும் வலையும், பின்புறம் காற்றை வெளியேற்றும் விசிறி ஒன்றும் இருப்பின் போதும். கண்ணாடிக் கதவும் வண்ண ஒளியும் வேண்டா. தறியுள்ள வீட்டில் பஞ்சுத் தூசு மிகுதி. ஆகவே கணினியைத் தறிக்கு அருகில் வையாமலும், தரையில் வையாமலும், திங்களுக்கு ஒருமுறை நிறுத்தித் தூசு நீக்கியும் பேணுக. மானிட்டர் 22 அங்குல அளவும் 1920க்கு 1080 புள்ளிகளும் உடையதாயிருத்தல் நன்று. வண்ணம் தேர்ந்து சேலை வரைவோர் ஐ.பி.எஸ். வகையைக் கொள்க, பக்கத்திலிருந்து நோக்கினும் அதில் நிறம் மாறித் தோன்றாது. கண்ணுக்குத் தீங்கு செய்யும் மங்கிய திரையை மலிவென்று வாங்குதல் நன்றன்று.

இவ்விடத்தில் எழக்கூடிய தடைகள் மூன்று. கைப்பேசி போதாதா என்பது ஒன்று. பாடம் கேட்டற்குப் போதும். ஆனால் கட்டுரை எழுதவும், நிரல் பழகவும், கணக்குப் பதியவும், கட்டப்படம் வரையவும் போதாது. பார்ப்பவனாக மட்டும் பிள்ளையை வளர்க்காமல் செய்பவனாக வளர்க்கவே கணினி வேண்டுவது. லேப்டாப் வாங்கலாகாதா என்பது மற்றொன்று. விடுதியில் தங்கிப் பயில்வோர்க்கு அதுவே தக்கது. வீட்டிலிருந்து பயில்வோர்க்கும், ஒரு கணினியைப் பல பிள்ளைகள் பகிர்வோர்க்கும் மேசைக் கணினியே நலம்; ஒன்று கெட்டால் அவ்வொன்றை மாற்றினாற் போதும், பல்லாண்டு கழித்து நினைவகத்தையும் சேமிப்பையும் பெருக்கலாம்.

அலுவலகங்கள் கழித்த பழைய கணினியை வாங்கலாகாதா என்பது மூன்றாவது. இது மெய்யாகவே ஆராயத்தக்கது. எட்டாந் தலைமுறை இன்டெல் முதலான பிராசஸர் கொண்ட, பெயர்பெற்ற நிறுவனத்துக் கணினி, வாரண்டியோடு நல்ல கடையில் கிடைப்பின், மிகக் குறைந்த தொகை உடையார்க்கு அதுவே சிறந்த வழி. ஆனால் இரண்டை நினைவிற் கொள்க. அத்தகைய பெட்டிகள் பலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் போர்டும் அந்நிறுவனத்துக்கே உரிய வடிவின. பின்னாளில் கடையில் வாங்கிப் பொருத்துதல் அரிது. எட்டாந் தலைமுறைக்கு முந்திய இன்டெல் கணினிகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவோ 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. தனித்தனி உறுப்புக்களைப் பழையதாக வாங்குவதில் பிராசஸரும் ரேமும் ஓரளவு அச்சமற்றவை, சோதித்து அறியலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எஸ்.எஸ்.டி.யும் புதியனவாகவே இருத்தல் வேண்டும்.

இயங்குதளத்திற்குப் பொருள் இல்லையேல் திருட்டுப் படியை நாடவேண்டா. அவற்றோடு வரும் தீநிரல்களால் வங்கிக் கணக்கே பறிபோதல் கூடும். உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்பவை விலையின்றிக் கிடைப்பன. பழைய கணினியிலும் இயங்குவன. எழுத லிப்ரே ஆபீஸ் உண்டு, கோட்டோவியம் வரைய இங்க்ஸ்கேப் உண்டு, இவையும் விலையற்றவை. 1999-இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை முறையையும் அவற்றில் அமைத்துக்கொள்ளலாம். கல்லூரியோ தொழிலோ விண்டோஸ் மென்பொருளையே வற்புறுத்தின், அதன் விலையையும் முதற்கணக்கிலேயே சேர்த்துக்கொள்க.

வாங்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ஒரே உறுப்புக்குக் கடைக்குக் கடை விலை வேறுபடும். மூன்று கடைகளில், உறுப்பின் முழுப் பெயரும் எண்ணும் எழுதிய பட்டியல் பெற்று ஒப்பிடுக. ‘ஐ3 கணினி, 8 ஜி.பி., எஸ்.எஸ்.டி.’ என்று மட்டும் எழுதிய பட்டியல் பட்டியலன்று. எதை வைத்தாலும் அதற்குப் பொருந்தும். பில் இன்றி வாங்கினால் நூற்றுக்கு 18 வரி மிச்சம் என்று சொல்வர். அந்த மிச்சத்திற்காக வாரண்டியை இழப்பது, அணா மிச்சம் பிடித்து ரூபாயைத் தொலைப்பதாகும். பிராசஸர் முத்திரை உடையாத பெட்டியில் இருத்தல் வேண்டும், இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் பெட்டிச் சரக்குக்கும் மூன்றாண்டு வாரண்டி உண்டு. ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் பில்லில் இருக்கட்டும். கடையை விட்டு நீங்குமுன் கணினியை இயக்கச் செய்து, பிராசஸரின் பெயர், ரேமின் அளவு, எஸ்.எஸ்.டி.யின் பெயர் மூன்றையும் திரையிற் கண்டு பட்டியலோடு ஒப்பிடுக.

கூடுமாயின் பிள்ளைகளே தம் கையால் அமைக்கட்டும். இது வித்தையன்று, ஒரு பிற்பகல் வேலை. கைகளில் நிலைமின்சாரம் இல்லாதவாறு வெற்று உலோகத்தைத் தொட்டபின் தொடங்குக. ஏ.எம். 4-இல் ஊசிகள் பிராசஸரின் அடியிலும், எல்.ஜி.ஏ. 1700-இலும் ஏ.எம். 5-இலும் போர்டிலும் உள்ளன. எங்கிருப்பினும் அவற்றை விரலால் தொடலாகாது. மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்தி, அழுத்தாமல் வைத்தால் தானே அமரும். ரேமை இரு முனையிலும் ஒலி கேட்கும்வரை அழுத்துக. குளிர்விசிறியின் வயரை மறவாதீர். கேபினெட்டில் ஏற்றுமுன் வெளியிலேயே ஒருமுறை இயக்கிப் பார்த்தால், குறை இருப்பின் எளிதில் தெரியும். இதனை ஒருமுறை செய்த சிறுமி கணினியைக் கண்டு பின்னர் அஞ்சாள். ஆண்பிள்ளைக்குத்தான் இவ்வேலை என்று எண்ணுவோர் நம்முள் இன்னும் உளராயின், பாவு பிணைப்பதும் இழை சேர்ப்பதும் நம் வீட்டில் எவர் கைகள் என்று அவர்களே நினைந்து பார்க்கட்டும்.

முடிவாக, சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோளை வைக்கின்றோம். ஒன்று: கல்வி நிதியிலிருந்து கணினிக்கென உதவி பெறுவோர், பணம் கொடுக்குமுன் கடைப் பட்டியலைக் காட்டி ஆலோசனை பெறுதற்கு, நம் குலத்துப் பொறியியற் படித்த இளைஞர் சிலரைக் கொண்ட சிறு குழுவொன்றை அமைத்தல். குழுவினர் எக்கடையிலும் தரகு பெறாதவராக இருத்தல் வேண்டும். இரண்டு: ஒரே பருவத்தில் வாங்க நினைக்கும் குடும்பங்கள் பத்தையும் ஒன்று சேர்த்து, மொத்தமாக விலை பேசுதல், நூல் வாங்குவதில் கூட்டுறவின் பயனைக் கண்டவர் நாமே. மூன்று: கோடை விடுமுறையில் ஒருநாள், நம் மண்டபத்தில், பழுதான கணினிகளைப் பிரித்தும் பூட்டியும் பயிலும் வகுப்பொன்றை நடத்துதல். அவ்வகுப்பில் நம் தெருவிலுள்ள பிற குலத்துப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து கற்கட்டும். தன் வீட்டு விளக்கைத் தெருவுக்கும் ஒளிரச் செய்யும் குலமே உயர்ந்த குலம் என்பது எம் துணிபு.

திருமணத்தில் ஒருநாட் பந்தலுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு, ஒரு பிள்ளையின் பல்லாண்டுக் கல்விக்குரிய கருவியாகும். அப்பங்கை ஒதுக்குவதும், ஒதுக்கியதை ஏமாறாமற் செலவிடுவதும் நம் கையில் உள்ளன. வசதியுள்ள அன்பர் தம் அலுவலகங்களில் கழிக்கும் நற்கணினிகளைச் சங்கத்தின் மாணவர் விடுதிக்கு அளித்தும் உதவுவாராக.